மூன்றாவது ஆளின் சக்கரம்

பிப்ரவரி 21, புதன்

காலுறையைக் கழற்றக்கூட அலுப்பாக இருக்கிறது. காலையில் மருத்துவமனைப் பயிற்சி, மாலையில் பனிக்காற்றில் சைக்கிள்.

ராத்திரிச் சாப்பாட்டுக்கு எதிரே வந்து உட்கார்ந்தாள் ப்ரென்னா. எங்கள் கல்லூரி சைக்கிள் குழுவின் தலைவி. இது அவளுக்குக் கடைசி வருஷம்.

"லிண்டி, இந்த சீசன் நீ ஏ பிரிவுக்கு வந்துடு. பி-யில ஜெயிச்சுக்கிட்டே இருக்கியே, போர் அடிக்கல?"

ஜெயிப்பது யாருக்காவது போரடிக்குமா? எனக்கு அடிக்கவே இல்லை.

விஷயம் அதுவல்ல. குழு நேரப் பந்தயத்தில் மூன்றாவது ஆளின் முன்சக்கரம் கோட்டைத் தொட்டால்தான் கடிகாரம் நிற்கும். மூன்று பேர் வந்து சேராவிட்டால் நேரமே கிடையாது. வேகக்காரிகளின் ஏ பிரிவில் எங்களுக்கு இருப்பது ப்ரென்னாவும் டானிகாவும்தான். அதனால் அவர்கள் அந்தப் பந்தயத்தில் இதுவரை கிளம்பியதே இல்லை. ஏப்ரல் கடைசியில் மண்டலப் போட்டி. அதிலாவது எங்கள் பெயருக்கு நேராக ஒரு நேரம் விழ வேண்டும் என்கிறாள்.

சரி என்று சொல்லிவிட்டேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

மார்ச் 2, சனி

ஏ பிரிவில் முதல் பந்தயம். முதல் மேட்டிலேயே கூட்டத்திலிருந்து கழன்றேன். நான் மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருக்க, பக்கத்தில் இரண்டு பெண்கள் பரீட்சை பற்றிப் பேசிக்கொண்டே ஏறுகிறார்கள்! அதற்கப்புறம் கடைசிவரை தனியாகத்தான் ஓட்டினேன். பால் பண்ணைகள், சாண நாற்றம், எதிர்க்காற்று. எதிரே வந்த குதிரை வண்டிக்காரர் பாவம் பார்த்துத் தொப்பியைத் தூக்கினார். திருப்பத்தில் கொடி பிடித்து நின்ற பெரியவர் நாற்காலியை மடக்கிக்கொண்டிருந்தார்.

"நீதானே கடைசி, கண்ணு?"

"நான்தான். சாரி."

மார்ச் 3, ஞாயிறு

குழு நேரப் பந்தயம். ஒருத்தி முன்னால் காற்றை வாங்கிக்கொள்வாள், மற்ற இருவர் அவள் சக்கரத்துக்குப் பின்னால் ஒண்டிக்கொள்ள வேண்டும். முறை வைத்து மாறுவது. என் முறை வந்ததும் எங்கிருந்துதான் அந்த வேகம் வந்ததோ. நானும் ஏ பிரிவுதான் என்று காட்ட வேண்டாமா?

"ஏய்! என்னடி பண்றே? நாங்க பின்னாடி இருக்கோமா இல்லையா?" — டானிகா.

இரண்டே முறை அப்படி. பிறகு கால் செத்துவிட்டது. அவர்கள் பெடலை நிறுத்தித் திரும்பிப் பார்த்துக் காத்திருந்தார்கள். சாரி, சாரி என்று சொல்லிக்கொண்டே போய்ச் சேர்ந்தேன். கடைசி இடம். என் சக்கரம் தொட்ட பிறகுதான் கடிகாரம் நின்றது.

மார்ச் 9, சனி

சுற்றுப் பந்தயம். ஒரு சுற்று பின்தங்கியதும் நடுவர் விசில் ஊதி வெளியே அனுப்பிவிட்டார். மழை வேறு.

மார்ச் 13, புதன்

மருந்தியல் வகுப்பில் தூங்கிவிட்டேன். எழுப்பியவளிடமும் சாரி.

அம்மா ஃபோன் செய்தாள். "உன்னை யாரு மேல போகச் சொன்னது? இறங்கி வந்துடேன்." கேட்கவே எவ்வளவு நன்றாக இருக்கிறது. பி-க்குப் போனால் சனிக்கிழமைகளில் மறுபடி சிரிக்கலாம். விண்ணப்பித்தால் இறக்கிவிடுவார்கள் என்று சொல்கிறார்கள். போகலாமா? போனால் ப்ரென்னா?

மார்ச் 24, ஞாயிறு

நேற்று தனிப் பந்தயம், கடைசி இடம். இன்று மறுபடி குழுப் பந்தயம். கிளம்புமுன்பே டானிகா சொன்னாள்: "நீ முன்னாடி வராதே. வால் மாதிரி பின்னாடியே இரு. வெக்கத்தையெல்லாம் வேன்லயே வச்சுட்டு வா."

கேட்டேனா? இல்லை. இரண்டு பேர் இழுக்க நான் ஓசியில் போவதா என்று என் முறைக்கெல்லாம் முன்னால் போனேன். கடைசி மேட்டில் மறுபடி கழன்றேன். மறுபடி காத்திருந்தார்கள்.

திரும்பும் வழியில் டானிகா வேனின் முன் சீட்டுக்குப் போய்விட்டாள். ப்ரென்னா எல்லாருக்கும் பான்கேக் வாங்கித் தந்து, என் தட்டில் அவளே சிரப் ஊற்றினாள். அந்தக் கரிசனம்தான் எனக்குத் தாங்கவில்லை. திட்டித் தொலைத்தால் என்ன?

ஏப்ரல் 4, வியாழன்

சொல்லிவிட்டேன். சைக்கிள் கொட்டகையில், இரண்டு பேர் முன்னாலும். "நான் பி-க்கே போயிடறேன். என்னால உங்களுக்குக் கேவலம்."

டானிகா செயின் துடைத்துக்கொண்டிருந்தாள். கந்தலை வீசி எறிந்தாள்.

"கேவலமா? நீ மெதுவா ஓட்டுறேன்னு எவ சொன்னா? சொன்ன பேச்சு கேக்கறதில்ல, அதான் எரிச்சல். நாங்க காத்திருக்கிறது உன் காலுக்காக இல்லடி, உன் ரோஷத்துக்காக."

ப்ரென்னா மட்டும் மெதுவாக, "மத்த டீம்லாம் கிளம்பறதை நின்னு பாத்துப் பாத்து எனக்கு அலுத்துப்போச்சு லிண்டி. கடைசியா வந்தாலும் கிளம்பணும்" என்றாள்.

அறைக்கு வந்து அழுதேன். ரோஷமாம். உண்மைதான், அதனால்தான் சுடுகிறது. இறங்க விண்ணப்பிக்கவில்லை. ஏற்றுக்கொண்டதாலா, விண்ணப்பிக்கக்கூடத் தெம்பில்லாததாலா, தெரியவில்லை.

ஏப்ரல் 20, சனி

இன்று குழுப் பந்தயத்தில் என் முறை வந்தபோதெல்லாம் "நான் வரல!" என்று கத்தினேன். எனக்கு முன்னால் இடம் விட்டேன், முதலிடத்திலிருந்து விலகி வருபவள் அதில் நுழைந்துகொண்டாள். கத்தும்போதெல்லாம் உடம்பு கூசியது. ஆனால் யாரும் காத்திருக்க வேண்டியிருக்கவில்லை. கடைசிக்கு முந்தைய இடம்!

ப்ரென்னா இருமிக்கொண்டே இருக்கிறாள். ஆய்வறிக்கை, தூக்கமில்லை.

ஏப்ரல் 27, சனி

மண்டலப் போட்டி.

போகும்போது பின்காற்று. நான் வாலாகவே இருந்தேன். திரும்பியதும் எதிர்க்காற்று முகத்தில் அறைந்தது. ப்ரென்னாவின் முறை. "நான் வரல" என்று ஒரு குரல். எனக்கு முதலில் புரியவில்லை. அது என் வசனமாயிற்றே? அவள் முகம் சாம்பலாகியிருந்தது.

அப்புறம் டானிகாவும் நானும்தான், மாற்றி மாற்றி. என் முறையில் வேகத்தைக் கூட்டவில்லை. கூட்ட எதுவும் மிச்சமில்லை என்பதும் நிஜம். கடைசி மேட்டில் பின்னால் மூச்சுச் சத்தம் நின்றுபோனது. திரும்பினேன். ப்ரென்னா நான்கு சைக்கிள் தூரத்தில், தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு.

பெடலை நிறுத்தினேன். டானிகாவும் நிறுத்தினாள். அவள் வரும்வரை என்ன நினைத்தேன் என்று இப்போது யோசித்துப் பார்க்கிறேன். கோபமா? துளிகூட இல்லை. இவள் வர வேண்டும், அவ்வளவுதான். வேறு நினைப்பே இல்லை. காத்திருப்பவர்கள் மனதில் இவ்வளவுதானா இருந்தது? நான்தான் என்னென்னவோ நினைத்துக்கொண்டு செத்தேனே!

"சாரி... சாரிடி..." என்று அழுதுகொண்டே வந்தாள்.

"வாயை மூடிக்கிட்டு பின்னாடி ஒட்டு" என்றேன். நானா அப்படிப் பேசியது!

ஆறு அணிகளில் ஐந்தாவது. ப்ரென்னாவின் சக்கரம் தொட்டபோது கடிகாரம் நின்றது. பலகையில் எங்கள் கல்லூரிப் பெயர், அதற்கு நேராக நேரம். அவள் அதையே பார்த்துக்கொண்டு புல்லில் உட்கார்ந்திருந்தாள், எழுந்திருக்க முடியாமல்.

ஏப்ரல் 28, ஞாயிறு

சீசனின் கடைசிப் பந்தயம், தனித்தனியாக. இரண்டாவது மேடு வரைக்கும் கூட்டத்தோடு இருந்தேன். அப்புறம் வழக்கம்போல. கோட்டுக்கு வந்தபோது விளம்பரத் துணிகளைக்கூட அவிழ்த்துவிட்டிருந்தார்கள். மற்ற எல்லாரும் வேனில் ஏறிவிட்டிருந்தார்கள். ப்ரென்னாவும் டானிகாவும் மட்டும் ஒரே போர்வைக்குள் நின்றிருந்தார்கள்.

"எவ்வளவு நேரமா நிக்கிறோம் தெரியுமா? குளிர்ல செத்தோம்" என்றாள் டானிகா.

"பசிக்குது, சாப்பிட ஏதாவது இருக்கா?" என்று கேட்டேன். சாரி சொல்லவில்லை என்பது எழுதும்போதுதான் உறைக்கிறது.