நாலு படத்துக்கு ஒருமுறை வந்த பஞ்சு

என் தேனுவுக்கு,

கேமராவை இயக்கும் டிரைவர் மென்பொருளுக்கான திருத்தம் போன வாரம் ஸ்டேபிள் கெர்னலில் சேர்ந்துவிட்டது. முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். நீ இருந்திருந்தால் வீட்டில் எல்லோரும் சுகமா என்று கேட்பதற்கு முன்னால் இதைத்தான் கேட்டிருப்பாய்.

எல்லோரும் சுகம். உன் பொண்ணு யாழினி இப்போது தானே சடை பின்னிக்கொள்கிறாள், ஒன்று மேலே ஏறியும் ஒன்று கீழே இறங்கியும் இருக்கிறது. அண்ணன் திருத்துவதில்லை. "அவ பின்னுனதே போதும், உடு" என்கிறார். நீ போய் எட்டு மாதம் ஆகிறது. காய்ச்சல் என்று படுத்தாய், ஒன்பதாம் நாள் இல்லை. அதைப் பற்றி இன்றைக்கு எழுதப் போவதில்லை. வேலையைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன்.

நாம் இருவரும் கல்லூரியில் ஒரே பெஞ்ச். பிறகு நீ என் அண்ணனைக் கட்டிக்கொண்டு எனக்கு நங்கையாகிவிட்டாய். சொந்தக்காரர்கள் முன்னால் "வாங்க நங்கை" என்று மரியாதையாகக் கூப்பிட்டுவிட்டு, நம் ஆபீஸ் கதவைச் சாத்தியதும் "ஏன்டி" என்று ஆரம்பிப்பேன். காங்கேயம் ரோட்டில் இரண்டு மேசை, ஒரு ஏணி, சுவரோரம் அடுக்கிய கேமரா பெட்டிகள். உன் மேசையை இன்னும் நகர்த்தவில்லை. அதன் மேல் பெட்டிகளை மட்டும் வைத்துக்கொள்கிறேன், இடம் போதவில்லை.

அந்தோணி விஷயத்திலிருந்து தொடங்குகிறேன். நாம் அதில் சண்டை போட்டோம், அந்தச் சண்டை முடியாமலே நின்றுவிட்டது.

மங்கலம் போகும் வழியில் இருக்கும் அந்த நிட்டிங் யூனிட்டில் நம் கேமரா பெட்டி ஓடிக்கொண்டிருந்தது. வேலை எளிமையானதுதான். மிஷின் வட்டமாகச் சுற்றித் துணி பின்னும்போது ஓர் ஊசி உடைந்தால் துணியில் மேலிருந்து கீழாகக் கோடு விழும். கேமரா அந்தக் கோட்டைக் கண்டால் மிஷினை நிறுத்த வேண்டும். ஒருநாள் அது நிறுத்தவில்லை. அந்த ஷிப்டில் பின்னிய துணியில் பாதிக்கு மேல் கோடு. அந்த மிஷினை ஓட்டியவர் அந்தோணி, தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்தவர்.

மேனேஜர் நம்மைக் கூப்பிட்டதும் சொன்ன முதல் வார்த்தை, "கேமராவத் திருப்பி வெச்சிருக்கறானுங்க மேடம். மிஷின் நிக்காம ஓடுனாத்தானுங்க கூலி?"

நான் பதிவுகளைப் பார்த்தேன். மிஷின் ஓடிய நேரத்தில் கேமரா ஒரு நொடிகூட நிற்கவில்லை. படங்கள் வரிசையாக, சரியான நேரக்குறியோடு வந்திருந்தன. எல்லாப் படத்திலும் சுத்தமான துணி. துணியில் கோடு இருக்கிறது, படத்தில் கோடு இல்லை, கேமராவோ வேலை செய்திருக்கிறது. அப்படியானால் யாரோ கேமராவைக் கோடு விழாத வேறு துணியின் பக்கம் திருப்பியிருக்க வேண்டும். எனக்கு அந்தக் கணக்கில் ஓட்டை எதுவும் தெரியவில்லை.

நீ அதே படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தாய். "சுகன்யா, இந்தப் பஞ்சப் பாரு. நாலு படத்துக்கு ஒருக்கா அதே எடத்துல உக்காந்திருக்குது."

"லென்ஸ்ல ஒட்டியிருக்கும்."

"லென்ஸ்ல ஒட்டுனா எல்லாப் படத்துலயுமல்ல வரோணும்? ஏன்டி, துணி சுத்திக்கிட்டே இருக்குது. பஞ்சு மட்டும் எப்பிடித் திரும்பத் திரும்ப அங்கயே வரும்? இந்த டிரைவர் பழைய படத்தையே புதுசுன்னு குடுக்குது. ரிப்போர்ட்ட அனுப்பாத. எனக்கு ரெண்டு நாள் குடு."

நான் கொடுக்கவில்லை. மேனேஜர் மூன்று முறை போன் செய்துவிட்டார். கம்ப்யூட்டருக்கே அடித்தளமான கெர்னலில் இருக்கும் டிரைவர் உலகம் முழுக்க ஓடுகிறது, அதில் தப்பு இருந்தால் நமக்கு முன்னால் யாருக்குமே தெரியாமலா இருக்கும் என்று கேட்டேன். அன்று மத்தியானமே அறிக்கையை அனுப்பினேன். 'கேமராவும் மென்பொருளும் சரியாக இயங்குகின்றன. கேமரா இடம் மாற்றப்பட்டிருக்கலாம்.' கீழே என் கையெழுத்து. மறுநாள் அந்தோணியை வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள். நீ என்னோடு நான்கு நாள் வேலைக்கு வேண்டியதை மட்டும் பேசினாய். அப்புறம் பேச ஆரம்பித்தோம், ஆனால் இதைப் பற்றிப் பேசவில்லை. இரண்டு வாரத்தில் உனக்குக் காய்ச்சல் வந்தது.

உன் கம்ப்யூட்டரை நான் திறந்தது நீ போய் இரண்டு மாதம் கழித்து. வேறொரு வாடிக்கையாளரின் பைல் தேடித்தான் திறந்தேன். அதில் 'பஞ்சு' என்று ஒரு போல்டர் இருந்தது. உள்ளே டிரைவரைத் திருத்தும் ஒரு பேட்ச், பாதி எழுதிய விளக்கம், ஒரு குறிப்பு. 'டீக்கு 20 நிமிஷம். கேமரா தூங்குது. எந்திரிச்சா பழைய நாலு படம்.'

இருபது நிமிஷம் என்று உனக்கு யார் சொன்னார்கள் என்று அப்போது எனக்குத் தெரியவில்லை. சும்மா இருக்கும் கேமரா மின்சாரம் மிச்சம் பிடிக்கத் தூங்கிவிடும். நம் மேசையில் ஒரு கேமராவை மாட்டி, இருபது நிமிஷம் சும்மா விட்டு எழுப்பினேன். ஒன்றும் ஆகவில்லை. மறுபடியும் செய்தேன். மூன்றாம் நாள் பதினோராவது தடவை, என் கையை ஆட்டினேன், திரையில் கை வரவில்லை. நாலு பழைய படங்கள் மாறி மாறி வந்துகொண்டிருந்தன. கேமராவுக்கு முன்னால் கையை நீட்டியபடி அப்படியே உட்கார்ந்திருந்தேன். நீ சொன்னது சரி, தேனு. நான் எழுதியது தப்பு.

உடனே உன் பேட்சை எடுத்து, இது சரியா என்று கேட்டு அனுப்பினேன், உன் பெயரைச் சொல்லித்தான். கேமரா தூங்கி எழுந்ததும் டிரைவர் கொஞ்ச நேரம் காத்திருக்கும்படி நீ எழுதியிருந்தாய். அந்த டிரைவரைப் பராமரிக்கிறவர் எங்கோ குளிர் தேசத்தில் இருக்கிறார். இரண்டே வரியில் பதில் போட்டார். காத்திருந்தால் ஏன் சரியாகிறது என்று தெரியாமல் காத்திருப்பதை ஏற்க முடியாது, இது பிழையை மறைக்கிறது, தீர்க்கவில்லை.

எனக்குக் கோபம் வந்தது. உன்னைச் சொன்னதற்காக வந்த கோபம். அப்புறம் அதை ஐம்பது தடவை ஓட்டிப் பார்த்தேன். உன் திருத்தத்தோடும் ஆறு தடவை படம் உறைந்தது. அவர் சொன்னதும் சரிதான். நீ கண்டுபிடித்த நோய் சரி, கொடுத்த மருந்துதான் போதவில்லை. இதை உன்னிடம் நேரில் சொல்லியிருந்தால் பேனாவைத் தூக்கி எறிந்திருப்பாய், பிறகு நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டிருப்பாய்.

காரணத்தைக் கண்டுபிடிக்க எனக்கு மூன்று வாரம் ஆனது. ஒரு படம் முழுசாக வந்து சேர்ந்ததும் 'முடிந்தது' என்று டிரைவர் ஒரு குறி வைக்கிறது. அடுத்த படம் தொடங்கும்போது அதை அழிக்கிறது. சரியாக அந்த இடைவெளியில் கேமராவுக்குத் தூக்கம் வந்தால், குறி அழியாமல் நின்றுவிடுகிறது. எழுந்த பிறகு டிரைவர் பார்க்கிறது, படம் ஏற்கெனவே முடிந்திருக்கிறது. புதுப் படத்தை வாங்கவே வாங்காமல், கையில் இருக்கும் நாலு பழைய படங்களுக்குப் புது நேரம் போட்டு மேலே அனுப்புகிறது. அதனால்தான் பதிவில் எல்லாம் ஒழுங்காகத் தெரிந்தது. எழுந்ததும் குறியை அழி என்று நாலு வரி எழுதினால் போதும். எழுதினேன். இருநூறு தடவை ஓட்டினேன். ஒரு தடவைகூட உறையவில்லை.

அந்த நாலு வரியை அனுப்புவதற்கு முன்னால் அந்தோணியைத் தேடிப் போனேன். மங்கலத்தில் ஒரு விசைத்தறிக் கூடத்தில் நூல் சுமக்கிற வேலையில் இருந்தார். நிட்டிங் யூனிட்டுகளில் அவரை எடுக்கவில்லை. பழைய இடத்தில் கேட்டால் கேமராவைத் திருப்பின ஆள் என்று சொல்கிறார்களாம்.

தறிச் சத்தத்தில் பேச முடியாமல் வெளியே வேப்பமரத்தடிக்கு வந்தோம். நான் சொல்ல வேண்டியதைச் சொன்னேன். தப்பு கேமரா டிரைவரில், அறிக்கை எழுதியது நான். அவர் கையிலிருந்த பஞ்சைத் தட்டிக்கொண்டே கேட்டுவிட்டுச் சொன்னார்.

"நான் தொடவே இல்லன்னு அன்னைக்கே சொன்னேம்லா. ஒருத்தரும் காதுல வாங்கல. அந்த இன்னொரு அம்மா மட்டுந்தான் வந்து கேட்டாவ."

"எந்த அம்மா?"

"உங்ககூட வருவாவள்லா. என் ரூமுக்கே வந்தாவ. டீக்கு எப்பம் போனீய, மிஷின் எவ்வளவு நேரம் நின்னுச்சு, திரும்ப ஓட்டும்போது பெட்டில என்ன வெளக்கு எரிஞ்சுதுன்னு ஒண்ணு விடாம கேட்டாவ. ரெண்டு வாரம் கழிச்சு வாரேன்னு சொல்லிட்டுப் போனாவ. வரல. சரி, இவியளும் எல்லாரையும் போலத்தான்னு நெனச்சிட்டேன்."

தேனு, நீ என்னோடு பேசாமல் இருந்த அந்த நான்கு நாளில் அங்கே போயிருக்கிறாய். என்னிடம் ஏன் சொல்லவில்லை? சொன்னால் நான் தடுப்பேன் என்றா? தடுத்திருப்பேனோ?

நீ வராததற்குக் காரணத்தைச் சொன்னேன். அவர் சட்டென்று நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டார். பிறகு, "நான் தப்பா நெனச்சிட்டேனே" என்றார். அவரிடம் மன்னிப்புக் கேட்கப் போனவள் நான். அவர் உன்னிடம் கேட்டுக்கொண்டிருந்தார்.

மறுநாள் யூனிட்டுக்குப் புது அறிக்கை எடுத்துப் போனேன். பழைய அறிக்கை தவறு, கேமராவை யாரும் திருப்பவில்லை, பிழை டிரைவரில் என்று எழுதியிருந்தேன். மேனேஜர் படித்துவிட்டு, "முடிஞ்சு போன சமாச்சாரமுங்க. இப்ப எதுக்குங்க மேடம் இதெல்லாம்?" என்றார். முதலாளியைப் பார்க்காமல் போகமாட்டேன் என்று உட்கார்ந்தேன். முதலாளி வந்து நின்றபடியே படித்தார். "அப்ப அந்தாளு சொன்னது நெசமா?" என்று மேனேஜரைப் பார்த்தார். அங்கேயே அந்தோணிக்குப் போன் போட்டு, திரும்ப வரச் சொன்னார்.

அந்தோணி போகவில்லை. "அங்க வேண்டாம்மா. அந்தக் காகிதத்துல ஒரு நகல் மட்டும் தாங்க" என்றார். அதைக் காட்டி வேறொரு யூனிட்டில் மறுபடி மிஷின் ஓட்டுகிறார்.

இனி அண்ணன் கதை. நாலு வரி கெர்னலில் சேர இத்தனை நாள் ஆகிறதே என்று அவருக்கு ஆச்சரியம். "ஏங்கண்ணு, நாலு வரிக்கு நாலு மாசமா?"

முதலில் புதிதாக உருவாகும் கெர்னலில் சேர வேண்டும், அங்கே நின்ற பிறகுதான் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் ஸ்டேபிளுக்கு வரும், அங்கே பிழையைத் தவிர வேறெதையும் தொட விடமாட்டார்கள் என்று சொன்னேன். பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர் அல்லவா, உடனே பிடித்துக்கொண்டார். "பையர் ஓகே பண்ணுன சாம்பிள்ல கை வெக்கிற மாதிரி. தப்பான தையல மட்டும் பிரிக்கோணும். பட்டன் நல்லால்லன்னு பட்டன மாத்தக்கூடாது."

பிறகு கேட்டார். "என்ற பொண்டாட்டி பேரு அதுல வருமா?"

அங்கேதான் சிக்கினேன். என்னோடு சேர்ந்து எழுதியவர் என்று உன்னைக் காட்டலாம், ஆனால் பேட்ச் எழுதிய ஒவ்வொருவரும் கடைசியில் தன் கையொப்ப வரியைத் தானே போட வேண்டும். உன் வரைவில் அந்த வரி இல்லை. நான் தட்டினால் ஐந்து நொடி, யாருக்கும் தெரியாது. அண்ணன், "போட்டுட்டுப் போ, அவ வேண்டாம்னா சொல்லப் போறா?" என்றார். அவர் கண்ணைப் பார்த்ததும் போட்டுவிடலாம் என்றுதான் இருந்தது. ஆனால் நான் பார்க்காத ஒன்றுக்கு ஒருமுறை கையெழுத்துப் போட்டு ஒருவரைத் தெருவில் நிறுத்தியவள். இன்னொருத்தியின் கையெழுத்தை நான் போட மாட்டேன், அது நீயாகவே இருந்தாலும். அண்ணன் இரண்டு நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை.

பிழையைக் கண்டு சொன்னவர் என்ற வரியில் உன் முழுப் பெயரைப் போட்டேன். விளக்கத்தில் நீ பாதியில் விட்ட ஆங்கில வாக்கியத்தை மாற்றாமல் வைத்தேன், நாலு படத்துக்கு ஒருமுறை அதே இடத்தில் பஞ்சு வருகிறது என்பதை. கூடவே, இதைக் கவனித்தவர் இப்போது இல்லை என்று பராமரிப்பாளருக்குத் தனியாக எழுதினேன். வழக்கமாக விளக்கங்களைச் சுருக்கிவிடுகிற மனிதர். உன் வாக்கியத்தில் ஓர் எழுத்தைக்கூடத் தொடவில்லை. 'அவர் நன்றாகப் பார்த்திருக்கிறார்' என்று மட்டும் பதில் வந்தது. அதை அண்ணனுக்குத் தமிழில் சொன்னேன். இன்னொரு தடவை சொல்லச் சொன்னார்.

நேற்று அந்த யூனிட்டுக்குப் போய்ப் புதுக் கெர்னலைப் போட்டேன். டீ நேரம் முடியும்வரை காத்திருந்து, மிஷினை ஓட்டுவதற்கு முன் ஓர் ஊசியின் கொக்கியை உடைத்துப் போடச் சொன்னேன். இப்போது அந்த மிஷினில் ஒடிசாக்காரர் ஒருவர் இருக்கிறார், பெயர் பிகாஷ். துணியில் கோடு விழுந்து ஒரு சாண் இறங்குவதற்குள் மிஷின் நின்றது. கிளம்ப எழுந்தவள், ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து அவரிடம் கேட்டேன், இந்தப் பெட்டியில் வேறு என்ன தொந்தரவு என்று. "மேடம், யே லைட்… காலைல வெயில் வந்தா தெரியாது" என்று பெட்டியில் எரியும் விளக்கைக் காட்டினார். இத்தனை வருடத்தில் நம்மிடம் யாரும் சொல்லாத விஷயம். சொல்லாமல் இல்லை, நான் கேட்கவில்லை.

உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன், தேனு. பதிவில் என்ன இருந்தாலும் சரி, யார் எத்தனை முறை போன் செய்தாலும் சரி, ஓர் ஆளைப் பற்றி ஒரு வரி எழுதும் முன் அந்த ஆளிடம் போய்க் கேட்டுவிட்டுத்தான் எழுதுவேன். நீ அந்தோணியைப் பார்க்க என்னிடம் சொல்லாமல் போனாய். நான் யாரைக் கேட்கப் போகிறேன் என்று ஆபீஸ் கதவில் எழுதி வைத்துவிட்டே போவேன்.

உன் பெஞ்சுக்காரியும்,
உன் புருசனுக்குத் தங்கச்சியும்,
உன் மகளுக்கு அத்தையுமான
சுகன்யா