நெட்டையைப் பார்த்துவிட்டு வந்தோம்

என் கண்ணே, பெரியவளே,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் நடமாடிக்கொண்டு, மாத்திரைகளை மறக்காமல் விழுங்கிக்கொண்டு இருக்கிறோம். நீயும் மாப்பிள்ளையும் அந்தக் குளிரில் காதையும் மார்பையும் மூடிக்கொண்டு நன்றாக இருக்க வேண்டும், காலையில் கண் விழித்ததும் எனக்கு அந்த நினைப்புதான். ஞாயிற்றுக்கிழமை நீ போனில் "பயணம் எப்படிம்மா இருந்துச்சு" என்று கேட்டாய், நான் "நல்லா இருந்துச்சு, கால்தான் கொஞ்சம் வீங்கிடுச்சு" என்று சொல்லிவிட்டு அப்பாவிடம் கொடுத்துவிட்டேன், அவரும் இரண்டு வார்த்தைக்கு மேல் பேசவில்லை, உனக்கு ஏதோ பட்டிருக்கும். வாய்விட்டுச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை, அதனால்தான் எழுதுகிறேன். உட்கார்ந்து படி. அவசரத்தில் படிக்காதே.

உன் தம்பி போய்ப் பதினான்கு மாதம் ஆகிறது. அன்றைக்கு அவனுடைய சிநேகிதர்கள் எங்கெங்கிருந்தோ ரயிலேறி வந்து நம் வீட்டு வாசலில் நின்றார்கள், அவர்களிடம் ஒரு வார்த்தை பேசும் நிலையில் நாம் இல்லை. அப்பாவுக்கு அது உறுத்திக்கொண்டே இருந்திருக்கிறது. போன மாதம் ஒருநாள் ரயில் அட்டவணையை விரித்து வைத்துக்கொண்டு, "மூணு பேரும் ஒரே பாதையிலதான் இருக்காங்க, ஒவ்வொரு ஊரா இறங்கிப் பார்த்துட்டு வந்துடலாமே" என்றார். நான் இரண்டு ஊருக்குச் சரி என்றேன். மூன்றாவது ஊரில் நீங்கள் போய்வாருங்கள், நான் ஸ்டேஷனைத் தாண்டி வர மாட்டேன் என்றும் சொன்னேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை, அங்கே இருப்பவன் நெட்டை. உன் தம்பியோடு ஒரே அறையில் மூன்று வருஷம் இருந்தவன். நான்கு நாள் காய்ச்சலில் கிடந்த பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நமக்கு ஒரு போன் பண்ணாதவன். ஆஸ்பத்திரி நடையில், அத்தனை பேருக்கு முன்னால், "என் பிள்ளைய கொன்னுட்டியேடா" என்று அவன் சட்டையைப் பிடித்து நான் உலுக்கியதை நீ பார்க்கவில்லை, கேள்விப்பட்டிருப்பாய். நீயும் அவனைத் திட்டி எழுதினாய், எனக்குத் தெரியும், நான்தானே உன்னை ஏற்றிவிட்டேன்.

ரயிலில் ஜன்னலோரம் கிடைத்தது. அப்பா வழக்கம்போல லிஃப்ட் மெக்கானிக் புத்தியை விடவில்லை, பெட்டிக்குள் ஏறியதும் ஆடிக்கொண்டிருந்த கதவுக் கொக்கியைப் பையிலிருந்து ஸ்குரூடிரைவர் எடுத்து முடுக்கிவிட்டுத்தான் உட்கார்ந்தார், எதிர் சீட்டு அம்மாள் இவர் ரயில்வே ஆள் என்று நினைத்துக்கொண்டு ஃபேன் ஓடவில்லை என்று புகார் சொன்னாள், இவர் அதையும் பார்த்தார். முதல் ஊரில் பல் டாக்டர் பெண். வந்த விருந்தாளியை உட்காரச் சொல்லாமல் நேரே நாற்காலியில் சாய்த்து வாயைத் திறக்கச் சொன்னாள், அப்பாவுக்கு ஒரு கடைவாய்ப் பல் போய்விட்டதாம். பள்ளிக்கூடத்தில் ஊசி போட வந்தபோது வரிசையில் இவளுக்குப் பின்னால் நின்ற உன் தம்பி ஊசியைப் பார்த்ததுமே மயங்கி விழுந்தானாம். "ரத்தம் எடுக்கிற அம்மாவுக்குப் பொறந்தவனா இவன்னு டீச்சர் கேட்டாங்க ஆன்ட்டி" என்று சிரித்தாள், நானும் சிரித்தேன். இரண்டாவது ஊரில் சுருட்டை, இப்போது டவுன் பஸ் ஓட்டுகிறான். லீவு கிடைக்கவில்லை என்று எங்களைத் தன் பஸ்ஸிலேயே ஏற்றி, தனக்குப் பின்னால் உள்ள சீட்டில் உட்காரவைத்து, மத்தியானம் முழுக்க ஊரைச் சுற்றினான். ஒரு நிறுத்தத்தில், "லீவுக்கு என்னைப் பார்க்க வரப்போ இங்கதான்மா நிப்பான், கை காட்டுவான், நான் வேணும்னே பத்தடி தள்ளி நிறுத்துவேன், ஓடிவந்து திட்டிட்டே ஏறுவான்" என்றான். அப்புறம் மூன்று நிறுத்தம் வரைக்கும் நான் கண்ணாடியில் அவன் முகத்தைப் பார்க்காமல் இருந்தேன்.

மூன்றாவது ஊரில் ரயில் நின்றபோது பிற்பகல் மூன்று மணி. பெண்கள் தங்கும் அறையில் பெட்டிகளோடு என்னை உட்காரவைத்துவிட்டு அப்பா கிளம்பினார். நெட்டை ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிற வேலையில் இருக்கிறான், கடை ஸ்டேஷனிலிருந்து நடக்கிற தூரம்தான். அவர் போய்க் கால் மணி நேரம் ஆகியிருக்கும், என் மடியில் இருந்த பைக்குள் போன் அடித்தது. அப்பாவுடையது, மறந்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார். நெட்டையின் பெயர் தெரிந்தது. அடிக்கட்டும் என்று விட்டேன். நின்று, மறுபடி அடித்தது. எடுத்தேன். "அப்பா, எறங்கிட்டீங்களா?" என்றான். அவன் அப்பா என்று கூப்பிட்டது எனக்கு எங்கேயோ போய் இடித்தது. நான்தான் பேசுகிறேன், ஸ்டேஷனில் இருக்கிறேன் என்றேன். "அம்மா, அங்கேயே இருங்க, வரேன்" என்று வைத்துவிட்டான். இவர் ஒரு தெரு வழியாகக் கடைக்குப் போக, அவன் வேறு தெரு வழியாக ஸ்டேஷனுக்கு ஓடிவந்திருக்கிறான். கடை ஏப்ரனோடு, முழங்கைவரை வெள்ளைத் தூசியோடு வாசலில் நின்றான், பெண்கள் அறை என்பதால் உள்ளே வரவில்லை. நான்தான் எழுந்து வெளியே போய் நடைமேடை பெஞ்சில் உட்கார்ந்தேன். அவன் உட்காரவில்லை. இளைத்துப் போயிருக்கிறான், உயரம் மட்டும் மிச்சம் இருக்கிறது. என் கண்ணாடியின் காம்பு தளர்ந்து கோணலாக இருந்ததைப் பார்த்துவிட்டு, "குடுங்கம்மா" என்று வாங்கி, ஏப்ரன் பையிலிருந்து சின்ன ஸ்குரூடிரைவர் எடுத்து, என் முகத்தைப் பார்க்காமல் அந்தத் திருகாணியையே திருகிக்கொண்டிருந்தான்.

இப்போது உனக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன். உன் தம்பி எனக்குப் போன் பண்ணினான். அந்த வியாழக்கிழமை காலை பத்து இருபதுக்கு. லேபில் இருபது பேர் வரிசையில், ஒரு குழந்தையின் கையில் நரம்பு கிடைக்காமல் நான் தட்டிக்கொண்டிருக்கிறேன், அவன் "அம்மா, ஃப்ரீயா இருக்கியா?" என்றான். "வேலையா இருக்கேன்டா, சாயங்காலம் பேசறேன்" என்றேன். "சரிம்மா" என்றான். அவ்வளவுதான். சாயங்காலம் மிஷின் பழுது, வீட்டுக்கு வர ஏழு மணி, சாப்பிட்டேன், டிவி முன்னால் உட்கார்ந்தபடியே தூங்கிப்போனேன். மறந்தே போய்விட்டேன். மறுநாள் விடிந்ததும் நெட்டைதான் ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்டான். நாங்கள் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. போகிற வழியில், அப்பா தண்ணீர் வாங்க இறங்கிய நேரத்தில், அவன் கூப்பிட்டதைக் காட்டி என் போனில் இருந்த அந்த ஒரு வரியை நான் அழித்தேன். அழித்துவிட்டுப் போய்த்தான் அவன் சட்டையைப் பிடித்தேன். பதினான்கு மாதம் யாரிடமும் சொல்லவில்லை.

நடைமேடையில் அவனிடம், "அவன் எனக்குப் போன் பண்ணினது உனக்குத் தெரியுமாடா?" என்று கேட்டேன். "தெரியும்மா. பக்கத்துலதான் இருந்தேன்" என்றான். அப்புறம் ஏன் சொல்லவில்லை, அத்தனை பேர் முன்னால் நான் உலுக்கியபோது ஏன் வாயை மூடிக்கொண்டு நின்றாய் என்றேன். "நானும்தானே போன் பண்ணலை. வீட்டுக்குச் சொல்லாதே, பயப்படுவாங்கன்னு அவன் சொன்னதைக் கேட்டுட்டு இருந்துட்டேன். என்மேலயும் தப்பு இருக்கு. உங்களுக்குத் திட்ட ஒரு ஆளாவது இருக்கட்டும்னு நெனச்சேன்மா" என்றான். அன்றைக்கு எதற்குக் கூப்பிட்டான் என்று கேட்டேன். அதைச் சொல்ல மாட்டேன் என்றான். நான் விடவில்லை. கண்ணாடியைத் துடைத்து என் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னான். "காய்ச்சல் விட்டுடுச்சு, ஆனா வயிறு ரொம்ப வலிக்குது, என்ன டெஸ்ட் எடுக்கணும்னு அம்மாகிட்ட கேக்கறேன்னு சொன்னான்." பெரியவளே, டெங்குவில் காய்ச்சல் விட்ட பிறகு வயிறு வலித்தால் உயிருக்கே ஆபத்து என்று எனக்குத் தெரியும். இருபத்தாறு வருஷமாக, வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்கிற கேள்வியே அதுதான். ஒரு நிமிஷம் கேட்டிருந்தால் போதும், உடனே ஓடுடா ஆஸ்பத்திரிக்கு என்று கத்தியிருப்பேன். என் பிள்ளை சரியான ஆளைத்தான் கூப்பிட்டிருக்கிறான்.

நான் அழுதேன் என்று எழுதினால் அது சின்ன வார்த்தை. அவன் அப்போதுதான் கீழே, என் காலருகே தரையில் உட்கார்ந்தான். அப்பா கடைவரை போய்விட்டுத் திரும்பி வந்தபோது நாங்கள் அப்படியேதான் இருந்தோம். அவரிடமும் சொன்னேன், ஒன்றையும் மறைக்காமல், போனில் அழித்ததையும் சேர்த்து. அவர் என்னைத் திட்டவில்லை. எழுந்து நடைமேடையின் கோடிவரை நடந்து போய், எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். இரண்டு ரயில் வந்து போயிற்று. திரும்பி வந்து நெட்டையின் தோளில் கை வைத்தார். என்னைப் பார்க்கவில்லை. ஊர் வந்து சேரும்வரை மேல் படுக்கையிலேயே படுத்திருந்தார், எதிர் சீட்டுக்காரர்கள் எங்களை வேறு வேறு குடும்பம் என்று நினைத்திருப்பார்கள். இப்போது வீட்டில் "சாப்பாடு", "சாவி", "கரண்ட் போச்சு" என்கிற அளவுக்குப் பேசுகிறார். நேற்று நான் வேலைக்குக் கிளம்பும்போது குடையை எடுத்து வாசலில் வைத்திருந்தார், சொல்லவில்லை, வைத்திருந்தார். அவரை நீ சமாதானம் பண்ண வேண்டாம். அவருக்கு எவ்வளவு நாள் வேண்டுமோ அவ்வளவு நாள் ஆகட்டும். உனக்கும் அப்படித்தான். என்மேல் கோபம் வந்தால் வரட்டும், அதை மாப்பிள்ளையிடம் காட்டாதே.

உனக்கு எந்தக் குறையும் வராமல், நீண்ட நாள் நோய்நொடி இல்லாமல், கட்டியவனோடு மனம் ஒத்து வாழ வேண்டும், அம்மாவால் ஆனது இந்த ஆசீர்வாதம் ஒன்றுதான், அதை முழுசாக வாங்கிக்கொள். ஒரு வேலை சொல்கிறேன், தட்டாதே. நெட்டைக்குச் செவ்வாய்க்கிழமை கடை லீவு. அவனைக் கூப்பிடு. நீ எழுதிய காகிதத்தை அவன் இன்னும் வைத்திருக்கிறான், கிழிக்கச் சொன்னேன், "அக்கா எழுதினது" என்றான். அவனாக ஒன்றும் பேச மாட்டான். "அம்மா எல்லாம் சொல்லிட்டாங்க" என்று நீயே ஆரம்பி.

இப்படிக்கு,
உனக்கும் நெட்டைக்கும் அம்மா