மதிலில் ஆள் இல்லாத ஊர்

மார்ச் 3, செவ்வாய்

இன்று காலை முதல் நான் ஒரு தீவுக்கு ராஜா. முடிசூட்டு விழா அடுப்படியில் நடந்தது. இடது கண்ணில் ஆபரேஷன் செய்துகொண்டு கறுப்புக் கண்ணாடியோடு உட்கார்ந்திருக்கும் மனைவி, மகளுடைய பழைய டேப்லெட்டை என் கையில் கொடுத்து, அதிலிருக்கும் ஊர் கட்டும் விளையாட்டைத் தினமும் ஒரு தடவை திறந்து மூடச் சொன்னாள். ஆறு வாரத்துக்கு அவள் எந்தத் திரையையும் பார்க்கக் கூடாதாம்.

டேப்லெட்டின் முதுகில் மகள் ஒட்டிவிட்டுப் போன சீட்டு: “அம்மா, பதினஞ்சு நாள் யாரும் உள்ள வரலன்னா ஊரை அழிச்சிடுவாங்க. சும்மா திறந்து மூடினா போதும். வேற எதையும் தொட வேண்டாம்.”

‘அம்மா’ என்றுதான் எழுதியிருக்கிறாள். நியாயம்தான். ஜனவரி பன்னிரண்டாம் தேதி ராணுவப் பயிற்சிக்குக் கிளம்பியவளை வழியனுப்பக்கூட நான் போகவில்லை. வேலைக்குப் போனேன். பள்ளிக்கூடச் சட்டைக்கு நூறு மடிப்புத் துணியை விரித்து வெட்டினேன். சட்டைக் கைக்கான அட்டை அச்சை மறுபக்கத்துக்குத் திருப்பி வைக்க மறந்துவிட்டேன். நூறு சட்டை, இருநூறு கை, எல்லாம் இடது கை. இருபத்திரண்டு வருஷமாகக் கட்டிங் மாஸ்டர் என்று பேர்.

திறந்தேன். மூடினேன்.

மார்ச் 4, புதன்

திறந்தவன் கொஞ்சம் சுற்றிப் பார்த்தேன். பார்ப்பது தொடுவதாகாது.

அழகான ஊர். துறைமுகம், பளிங்குக் குவாரி, நூலகம், நாடகக் கொட்டகை, நடுவில் நீரூற்றோடு பெரிய தோட்டம். குட்டிக் குட்டி மனிதர்கள் கூடையோடு போகிறார்கள், வருகிறார்கள். மதில் இருக்கிறது. மதில் மேல் ஒரு ஆள் இல்லை. பாசறை இல்லை. ஊர் முழுக்கத் தேடினேன், கையில் குச்சி வைத்திருக்கும் ஒரு காவல்காரன்கூடக் கிடையாது.

நிஜத்தில் துப்பாக்கி தூக்கப் போனவள், விளையாட்டில் நூலகம் கட்டியிருக்கிறாள். இதை எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் எனக்கு விளங்கவில்லை.

மார்ச் 5, வியாழன்

கொள்ளை! பக்கத்துத் தீவிலிருந்து பத்துப் பேர் கப்பலில் வந்து முந்நூறு பளிங்கை அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். அந்தத் தீவுக்காரனுக்குப் பெயர் உப்புமூட்டையாம். பெயரைப் பார். எங்கள் தீவுக்கு மகள் வைத்திருக்கும் பெயர் வாண்டு, வீட்டில் நான் அவளைக் கூப்பிடும் பெயர்.

மார்ச் 8, ஞாயிறு

ஞாயிற்றுக்கிழமை மட்டும் பயிற்சி முகாமிலிருந்து ஐந்து நிமிடம் பேச விடுவார்கள். போன் மணி அடித்ததும் நான் வெளியே போய் ஸ்கூட்டரைத் துடைப்பது வழக்கம். எங்கள் தெருவிலேயே சுத்தமான ஸ்கூட்டர் என்னுடையதுதான்.

பேசி முடித்ததும் மனைவி வந்து சொன்னாள்: “ஊரு எப்படி இருக்குன்னு கேட்டா. நல்லா இருக்கு, ரெண்டு நாளா மழைன்னு சொன்னேன்.”

அவள் கேட்டது எந்த ஊரை என்று எனக்குத் தெரியும். சொல்லவில்லை. கொள்ளை போனதைச் சொல்ல வெட்கமாக இருந்தது.

மார்ச் 12, வியாழன்

மறுபடி பத்துப் பேர். மறுபடி முந்நூறு. வாடகை வாங்க வருகிறவன் மாதிரி நாள் தவறாமல் வருகிறான்.

மார்ச் 13, வெள்ளி

எங்கள் கம்பெனியில் அயர்ன் போடுகிறவருக்கு இந்த விளையாட்டு தெரியுமாம். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் வெட்டுமேஜை மேல் டேப்லெட்டை வைத்துக் காட்டினேன். ஊரைச் சுற்றிப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

“என்ன மாஸ்டர், கதவைத் திறந்து போட்டுட்டு வாங்க வாங்கன்னு கூப்பிடறீங்க? ஊர்ல ஒரு நாய் கூட இல்லையே குலைக்க.”

பாசறை கட்டச் சொன்னார். கட்ட இடம் இல்லை. எதையாவது இடித்தால்தான் உண்டு. நூலகத்தை இடிக்க மனசு வரவில்லை. தோட்டத்தை இடித்தேன். ஒரு தட்டு தட்டியதும் நீரூற்று, மரம், பெஞ்ச் எல்லாம் புழுதியாகிக் காணாமல் போயின.

‘வேற எதையும் தொட வேண்டாம்.’ தொட்டுவிட்டேன். அவள் நல்லதுக்குத்தானே? — இதே வாக்கியத்தைத்தான் அவள் கிளம்புவதற்கு முந்தின வாரமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

மார்ச் 19, வியாழன்

வெற்றி! இருபது ஈட்டிக்காரர்களை மதிலில் நிறுத்தியிருந்தேன். உப்புமூட்டையின் பத்துப் பேரும் காலி. சண்டை முடிந்ததும் ஒரு ஓலை வருகிறது. அதில்,

எதிரி செலவு: 10
நமது செலவு: 2

என்று இருந்தது. எந்தப் புண்ணியவான் தமிழில் மாற்றினானோ, செத்தவர்களுக்குச் ‘செலவு’ என்று போட்டிருக்கிறான். சத்தமாகச் சிரித்துவிட்டேன். மனைவி என்னவென்று கேட்டாள். வாசித்துக் காட்டினேன். அவள் சிரிக்கவில்லை. கண்ணாடிக்குள்ளே கண் எங்கே பார்த்தது என்று தெரியவில்லை.

மார்ச் 27, வெள்ளி

இப்போது என்னிடம் நூற்று இருபது பேர். குவாரியில் கல் உடைத்தவர்கள், துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர்கள், எல்லோரையும் கூப்பிட்டு ஈட்டி கொடுத்துவிட்டேன். குவாரி காலி. கொட்டகையில் நாடகம் இல்லை. ஊரில் கூடையோடு நடக்கிறவர்களே குறைந்துவிட்டார்கள். கவலை இல்லை. நாளுக்கு நாலு தடவை திறந்து பாசறை முன்னால் வரிசையாக நிற்கிறவர்களை எண்ணிப் பார்க்கிறேன்.

ஒன்று மட்டும் புரிந்தது. படை என்று ஒன்று சேர்ந்துவிட்டால் அதைச் சும்மா நிற்கவைத்துப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. எங்கேயாவது அனுப்பவேண்டும் போலக் கை ஊறுகிறது.

ஏப்ரல் 1, புதன்

முகாமிலிருந்து தபால். ஜூன் இருபதாம் தேதி பயிற்சி நிறைவு அணிவகுப்பு. பெற்றோருக்கு இரண்டு பாஸ். மனைவி ஒன்றைத் தன் பையில் வைத்துக்கொண்டு இன்னொன்றை என் பக்கம் நகர்த்தினாள். அன்றைக்குக் கம்பெனியில் பெரிய ஆர்டர் இருக்கும் என்றேன்.

ஜூன் மாத ஆர்டர் ஏப்ரலில் எனக்கு எப்படித் தெரியும் என்று அவள் கேட்டிருக்கலாம். கேட்காமல் எழுந்து போனதுதான் குத்தியது.

ஏப்ரல் 2, வியாழன்

காலை டீ நேரத்தில் அனுப்பினேன். நூற்று இருபது பேரையும். உப்புமூட்டைக்கு ஒரு பாடம் புகட்ட.

ஒரே ஒரு தட்டு. நூறு மடிப்புத் துணி மேல் கத்தியை ஓட்டுவது மாதிரி. மேல் துணியில் போட்ட கோடுதான் கடைசித் துணிக்கும். அடியில் இருக்கிற துணியை யாரும் கேட்பதில்லை.

மத்தியானம் ஓலை வந்தது. அவன் மதிலில் வில்லாளிகள் இருந்திருக்கிறார்கள்.

வெற்றி. எதிரி செலவு: 61. நமது செலவு: 84.

ஏப்ரல் 3, வெள்ளி

84.

ஏப்ரல் 3, மறுபடியும்

விளையாட்டுதான். தெரியாதா எனக்கு? படம்தானே. பொம்மைதானே. ஆனால் கத்தியைக் கையில் எடுத்தால் ‘செலவு’ என்ற அந்த வார்த்தை வந்து நிற்கிறது. எங்கோ ஒருவர், என்னை மாதிரியே டீ குடித்துக்கொண்டு, ஒரு தட்டு தட்டுவார். அப்புறம் ஒரு ஓலை வரும். அதில் ஒரு எண் இருக்கும். அந்த எண்ணுக்குள்ளே என் வாண்டு —

இதைத்தான் அவளிடம் சொல்லியிருக்க வேண்டும். பயமா இருக்குதும்மா என்று. நான் சொன்னது, “பொம்பளைப் பிள்ளைக்கு இது எதுக்கு?” அதற்கு அவள் போய்ப் பெட்டியில் துணியை அடுக்க ஆரம்பித்தாள். பேசியிருந்தாலாவது தேவலை.

இன்று ஒன்றும் வெட்டவில்லை. தலைவலி என்று சொல்லி உட்கார்ந்திருந்தேன்.

ஏப்ரல் 4, சனி

அயர்ன்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, கரையில் மிதக்கிற பாட்டிலையெல்லாம் ஏன் திறக்கவில்லை என்று கேட்டார். ரெண்டு வாரமாக நான் அதைக் கடலில் யாரோ போட்ட குப்பை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கடிதமாம். நாலு பாட்டில், நாலும் உப்புமூட்டையிடமிருந்து.

“வாண்டு, நான் அனுப்பின பத்து பேரும் போயிட்டாங்க. மதில்ல ஆள் வச்சிட்டியா?”

“கோவமா? நான் ஏதாவது தப்பா பேசிட்டேனா?”

“பயிற்சி எப்படிப் போகுது? உடம்பைப் பாத்துக்கோ.”

நாலாவது, முந்தாநாள் வந்தது. ஒரே சொல்.

“ஏன்?”

மேலே தள்ளிக்கொண்டே போனேன். ஒரு வருஷத்துப் பேச்சு கிடந்தது. உப்புமூட்டை ஒரு பெண். ஆஸ்பத்திரியில் நர்ஸ். வாரத்தில் ஒருநாள் லீவில்தான் விளையாட முடியும். அதனால் அவள் ஊர் வளரவே இல்லை. ஒரே கூட்டணியில் இல்லாதவர்களுக்குப் பொருள் அனுப்ப இந்த விளையாட்டில் வழி கிடையாது. கொள்ளையடிக்க மட்டும் வழி உண்டு. அதற்கு என் மகள் எழுதியிருக்கிறாள்: “நீங்க வியாழக்கிழமை பத்து பேரை அனுப்பி எடுத்துக்குங்கக்கா. நான் மதில்ல ஒருத்தரையும் வைக்க மாட்டேன். ஆள் இருந்தாத்தான் சண்டை வரும். ஆளே இல்லன்னா யாருக்கும் ஒண்ணும் ஆகாது.”

கொள்ளை இல்லை. கொடுத்தது.

அதற்குக் கீழே, ஜனவரி 11 என்று போட்டு:

“நாளைக்குக் காலைல பத்து மணி வண்டி. அப்பா வரமாட்டேன்னுட்டார். எல்லாரும் அவருக்குக் கோவம்னு நினைக்கறாங்க. அவருக்கே அப்படித்தான் நினைப்பு. எங்கப்பா பயந்தாங்கொள்ளிக்கா. கரண்ட் போச்சுன்னா முதல்ல என் பேரைத்தான் கூப்பிடுவார். நான் வாசல் பக்கத்து சீட்டுலதான் உக்காருவேன். வண்டி நகர்ற நேரத்துக்கு ஓடி வந்தார்னா கண்ணுல படணுமே.”

பத்து மணிக்கு நான் இடது கை வெட்டிக்கொண்டிருந்தேன்.

ஏப்ரல் 4, மாலை

ஒற்றை விரலால் தட்டித் தட்டி உப்புமூட்டைக்கு எழுதினேன். அம்மா, நான் வாண்டுவின் அப்பா. அவள் முகாமில் இருக்கிறாள். உங்களை அடித்தது நான்தான், விவரம் தெரியாத மடையன், மன்னித்துவிடுங்கள். நாலு வரிக்கு முக்கால் மணி நேரம்.

பிறகு பாசறைக்குப் போனேன். மிச்சம் முப்பத்தாறு பேர். ‘படையைக் கலை’ என்று ஒரு பொத்தான் இருக்கிறது. தட்டினேன். ஈட்டியைப் போட்டுவிட்டு ஒவ்வொருவராகக் குவாரிப் பக்கம் நடந்தார்கள். ஊரின் மக்கள்தொகையில் முப்பத்தாறு கூடியது. எண்பத்து நாலு கூடவில்லை.

ஏப்ரல் 5, ஞாயிறு

போன் அடித்தது. துணியைக் கையில் எடுத்துக்கொண்டு வாசல் வரைக்கும் போனேன். திரும்பி வந்தேன். கையை நீட்டினேன். மனைவி போனைக் கொடுத்தாள்.

மூணு மாதத்தில் முதல் வார்த்தை என்ன பேசுவது? வாயில் வந்தது இதுதான்: “வாண்டு, உன் ஊர்ல நான் படை சேத்துட்டேன்.”

அந்தப் பக்கம் யாரோ விசில் ஊதுவது கேட்டது.

“எத்தனை பேருப்பா?”

“நூத்தி இருபது.”

“ஐயோ. இப்ப எத்தனை பேர் இருக்காங்க?”

“ஒருத்தரும் இல்ல. கலைச்சிட்டேன். தோட்டத்தை இடிச்சிட்டேன். உப்புமூட்டையை அடிச்சிட்டேன். மன்னிப்பும் கேட்டுட்டேன்.”

சிரித்தாள். சிரிப்பு பாதியில் வேறு மாதிரி ஆனது. மூக்கை உறிஞ்சினாள்.

“அதான் தொட வேண்டாம்னு எழுதினேன்.”

“எனக்கு பயம்மா,” என்றேன். “கோவம் இல்ல. பயம்.”

“தெரியும்பா. எனக்கும்தான்.”

ஐந்து நிமிடம் முடிந்து லைன் போய்விட்டது. அதற்கப்புறமும் போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு நின்றேன். மனைவி துணியை வாங்கிக்கொண்டு போய், ஒரு கண்ணோடு அவளே ஸ்கூட்டரைத் துடைத்தாள்.

ஏப்ரல் 7, செவ்வாய்

பாட்டில் வந்தது.

“ஐயா, போனா போகுது விடுங்க. விளையாட்டுல அது ஒரு வசதி, செலவான ஆளுங்களை மறுபடி செஞ்சுக்கலாம். நான் இருக்கிற வார்டுல அது முடியறதில்ல. அவ உங்களைப் பத்தி நிறைய எழுதியிருக்கா. பயிற்சி முடியறப்ப அணிவகுப்பு இருக்குமே, போயிட்டு வாங்க.”

ஏப்ரல் 9, வியாழன்

பத்துப் பேர் வந்தார்கள். மதிலில் யாரும் இல்லை. முந்நூறு பளிங்கை எடுத்துக்கொண்டு போனார்கள். ஓலை வந்தது.

நமது செலவு: இல்லை.
எதிரி செலவு: இல்லை.

மே 16, சனி

பாசறையை இடித்துவிட்டுத் தோட்டத்தைத் திரும்பக் கட்டிவிட்டேன். நீரூற்று பழைய இடத்தில் அமையவில்லை, கொஞ்சம் இடது பக்கம் தள்ளிப் போய்விட்டது. என் கைராசி.

ஜூன் 20, சனி

திரும்பும் வண்டியில் எழுதுகிறேன். மனைவி என் தோளில் சாய்ந்து தூங்குகிறாள்.

மைதானத்தில் வரிசை வரிசையாக வந்தார்கள். எண்ண ஆரம்பித்தேன், நிறுத்திவிட்டேன். முடிந்ததும் ஓடி வந்து எதிரில் நின்றாள். யூனிஃபார்ம் சட்டையில் வலது கை அரை இஞ்ச் நீளம். எவனோ அளவெடுக்காமல் வெட்டியிருக்கிறான். சட்டையைக் கொடுத்தால் சரி பண்ணித் தருகிறேன் என்றேன். கழற்றித் தர முடியாதாம். எங்கே அனுப்பப்போகிறார்கள் என்று கேட்டேன். இன்னும் சொல்லவில்லையாம். பயம் அப்படியேதான் இருக்கிறது.

காலையில், எட்டு மணிக்குத்தான் கேட்டைத் திறப்போம் என்றார்கள். ஆறரைக்கே போய் நின்றுவிட்டோம். நிழலில் முன்வரிசை நாற்காலியெல்லாம் காலியாகக் கிடந்தன. மனைவி அங்கே கூப்பிட்டாள். நான் வாசல் பக்கத்து நாற்காலியில்தான் உட்காருவேன் என்றேன். வெயில் நேராக முகத்தில் அடித்தது. உள்ளே வருகிறவர்களெல்லாம் என் காலை மிதித்துக்கொண்டுதான் போனார்கள்.

கண்ணில் படணுமே.