சனிக்கிழமைக் கூட்டத்தில் நான் சொல்லப்போவது

அன்பு மகள் ரூபினிக்கு அம்மா எழுதுவது. தண்ணீர்மலையான் புண்ணியத்தில் நாங்கள் இங்கே நடமாடிக்கொண்டு இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் அந்த லண்டன் குளிரில் சளி இருமல் இல்லாமல் இருக்க வேண்டும். போனில் பேசினால் அப்பா ஸ்பீக்கரில் போடச் சொல்லிப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிடுகிறார், அதனால்தான் இந்தப் பேப்பரும் பேனாவும்.

விஷயம் ரயில்தான். நம் தீவிலிருந்து கடலைத் தாண்டி அக்கரைக்கு ரயில் விடலாம் என்ற பேச்சு கிளம்பியதிலிருந்து நம் டத்தோ கிராமாட் வட்டாரத்தில் நிம்மதி போயிற்று. காசுக்கு எங்கே போவது என்பதில்தான் சண்டை. கடலில் மண்ணைக் கொட்டி நிலமாக்கி விற்கலாம் என்கிறது ஒரு கூட்டம், பாலத்தில் டோல் கட்டணத்தை ஏற்று என்கிறது இன்னொன்று. அப்பா இரண்டுக்கும் எதிரி. மீன் வியாபாரம் செய்யும் அப்துல் ரசாக் அண்ணனோடு வீடு வீடாகப் போய்க் கையெழுத்து வாங்குகிறார். கடல வித்துட்டு மீனுக்கு எங்க போறது, அந்த ரயிலே நமக்கு வேணாம் லா என்று சாப்பிடும்போதுகூடக் கத்துகிறார். அதிலும் நியாயம் இருக்கிறது, ரசாக் அண்ணன் குடும்பமே படகை நம்பித்தான் சாப்பிடுகிறது.

ஆனால் எனக்கு ரயில் வேண்டும் ரூபினி. அப்பாவுக்கு இடது கண் ஏறக்குறையப் போய்விட்டது, வலது கண்ணும் மங்கல். கார் ஓட்டவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார், கேட்கிறாரா? ஞாயிறு தவறாமல் அக்கரையில் சிம்பாங் அம்பாட்டில் உன் அண்ணன் வாசு வீட்டுக்குப் பாலத்தில் ஓட்டிக்கொண்டு போகிறார். நான் பக்கத்தில் உட்கார்ந்து சிவப்பு, பச்சை, லோரி வருது என்று சொல்லிக்கொண்டே போகிறேன். பஸ்ஸில் போகலாம் என்றால், மூணு பஸ் மாறிப் போறதுக்குள்ள பேரனுக்குக் கல்யாணமே ஆயிடும் என்கிறார். போன வாரம் இடதுபக்கம் வந்த மோட்டார் சைக்கிளை நான் கவனிக்கவில்லை. கார்க் கண்ணாடியில் உரசிக்கொண்டு போனான், விழவில்லை. அப்பாவுக்கு உரசியதே தெரியாது.

சனிக்கிழமை மண்டபத்தில் மக்கள் கருத்துக் கேட்கிறார்கள். அப்பா இரண்டு பக்கம் எழுதி வைத்தார், எழுதியதை அவராலேயே படிக்க முடியவில்லை. கண்ணாடி சரியில்ல, நீயே படிச்சிடு குமுதா என்று என்னிடம் கொடுத்துவிட்டார். ஒரு வரி விடாமல் படிப்பேன். படித்துவிட்டு அங்கேயே நின்று, இதை எழுதியவருக்குக் கண் சரியாகத் தெரியாது, ஆனாலும் பாலத்தில் கார் ஓட்டுகிறார், கடலைத் தொடாமல் காசைத் தேடி ரயிலை விடுங்கள் என்று சொல்லப்போகிறேன். ரயில் வர எத்தனை வருடமோ. நாலு பேருக்குத் தெரிந்தால் ரசாக் அண்ணனாவது சாவியைப் பிடுங்குவார். ஊர் முன்னால் மானத்தை வாங்கிவிட்டாய் என்று அப்பா என்னோடு பேசமாட்டார்.

இது உன் கைக்கு வரும்போது எல்லாம் முடிந்திருக்கும். அப்பா போனில் என்னைத் திட்டினால் நீ அவர் பக்கமே பேசு, அவருக்கும் ஒரு ஆள் வேண்டும். நேரத்துக்குச் சாப்பிடு. இருவரும் நோய்நொடியில்லாமல் நீடூழி வாழ வேண்டும். முடிந்திருந்தாலும் அந்தச் சனிக்கிழமைக்காக ஒரு விளக்கு ஏற்று, மறந்துவிடாதே. மண்டபத்துக்கும் அவர்தான் கார் ஓட்டுகிறார்.

பக்கத்து சீட்டில் இருக்கும்
உன் அம்மா,
குமுதா