நம் பிள்ளையின் கதையைத் திருடியவர்

முசரவாக்கம்

என் வீட்டுக்காரருக்கு ஜெயம்மாள் வணக்கத்துடன் எழுதுவது. நலமா என்று கேட்டால் நலம் என்றுதான் சொல்வீர்கள், அதனால் கேட்கவில்லை. பைபாஸில் வண்டியோடு அடிபட்டுப் போன நம் குருவின் பேச்சை எடுத்தாலே மஸ்கட்டில் சிக்னல் போய்விடுகிறது. அதற்குத்தான் இந்தக் காகிதம்.

அக்கா மகள் ஜெயப்ரியா, ஏனாத்தூர் காலேஜில் கூடப் படிப்பவர்களோடு சேர்ந்து போனில் ஆப் ஒன்று செய்துகொண்டிருக்கிறாள். சாவு கண்ட வீட்டுக்காரர்கள் பொய்ப்பெயரில் மனசில் உள்ளதை அதில் எழுதலாமாம், மற்றவர்கள் ஆறுதல் சொல்வார்களாம். ஓசியில் எவன் ஆறுதல் சொல்வான்? நாளைக்கே இன்சூரன்ஸ்காரன் போன் பண்ணுவான் என்று திட்டினேன். "எல்லாத்துக்கும் சந்தேகம்தானா சித்தி? யாரு என்னன்னு எனக்கே தெரியாது, போய்த்தான் பாரேன்" என்றாள். அதைச் சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் அனுப்பியிருக்கிறாளாம். நானும் நுழைந்து, ஒன்றும் எழுதாமல் வேவு பார்த்தேன்.

அங்கே கதிர்வேல் என்று ஒருத்தர். படித்ததும் பகீரென்றது. அவர் மகனும் கோயில் இட்லியில் மிளகைப் பொறுக்கி அப்பா தட்டில் போடுவானாம். கருட சேவைக் கூட்டத்தில் தோளில் உட்கார்ந்து, காதைப் பிடித்தபடியே தூங்கி, சட்டையெல்லாம் எச்சிலாக்கினானாம். அந்தச் சட்டையைத் துவைத்தவள் நான்! நம் பிள்ளையை எவனோ தன் பிள்ளை என்கிறான். உங்கள் ரூமில் இருக்கும் சத்யராஜிடம் வாய் விட்டீர்களா? அந்த ஆள் முழியே சரியில்லை என்று அப்போதே சொன்னேன். ஜெயப்ரியாவோ கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்கிறாள், அவளுக்குத் தெரியாதாம்.

மழையில் பின்பக்கச் சுவர் ஊறிவிட்டது. வேறு சேதம் இல்லை.

அந்தத் திருடனைப் பிடிக்கத் தினமும் படித்தேன். நேற்று எழுதியிருந்தார்: "வண்டி வாங்கிக் குடுத்தது நான்தான். பொண்டாட்டி மூஞ்சில எப்படி முழிப்பேன்? போன்ல அவ புள்ள பேச்சை எடுத்தா கட் பண்ணிக்கினு இருக்கேன். வருசத் திதிக்கு லீவு இல்லன்னு பொய் சொல்லிட்டேன்."

போனை மார்போடு வைத்துக்கொண்டு அழுதேன்.

சத்யராஜை ஒன்றும் கேட்காதீர்கள், பாவம். கதிர்வேலைப் பார்த்தால் மட்டும் சொல்லுங்கள்: அவர் வீட்டுக்காரி ஒரு நாளும் அவரைக் குற்றம் நினைத்ததில்லை. ஆசைப்பட்ட பிள்ளைக்கு எந்தத் தகப்பன் வாங்கித் தரமாட்டான்? தனியாக அழுது அவளுக்கு அலுத்துவிட்டது. திதிக்குப் புறப்பட்டு வரட்டும். பேசக்கூட வேண்டாம், பக்கத்தில் உட்கார்ந்தால் போதும். பெருமாள் அவரைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

வழி பார்த்திருக்கும்,
குருவின் அம்மா