பழம் கசியும் வரை

என் ராசா,

கைக்கட்டு இறுக்கமாக இருக்கிறதா? எலும்பு ஒட்ட ஆறு வாரம் ஆகுமாமே.

நீ விலை போடும் சாஸ் ஆலையை விட்டால் இந்தப் பக்கம் தக்காளி வாங்க ஆளில்லை. அந்தத் தைரியத்தில்தான் விடியலில் வந்த எங்கள் வண்டிகளை உச்சி வெயில் வரை வாசலில் நிறுத்தி வைத்தாய். பழம் கசிந்த பிறகு வெளியே வந்து, பலகையில் இருந்த விலையை அழித்துப் பாதியாக எழுதினாய்.

"பிடிக்கலைன்னா வேற எங்கயாவது கொண்டு போங்க" என்று சிரிப்பு வேறு.

"வேற எங்கடா இருக்கு? வயித்துல அடிக்கிறியே!" என்று பக்கத்து வீட்டு மாமா கேட்டார். உன் காவல்காரன் தடியால் அவர் வாயிலேயே போட்டான். இரண்டு பல் என் காலடியில் தெறித்து விழுந்தது. நீ சாக்பீஸைக் கீழே வைக்கவில்லை.

அப்போதுதான் எடைக்கல் பறந்து வந்தது. அவர் எறிந்ததாக நீ புகார் கொடுத்திருக்கிறாய். லாக்கப்பில் அவர் விலாவையும் உடைத்துவிட்டார்கள்.

எறிந்தது நான்தான். சாக்பீஸ் பிடித்த கையைப் பார்த்துத்தான் எறிந்தேன். கிழவிக்குக் கண் தெரியாது என்பாயே, குறி தப்பியதா?

நேற்று எல்லோரும் செடிகளைப் பிடுங்கிக் கொளுத்திவிட்டோம். புகை உன் ஆஸ்பத்திரி ஜன்னல் வரை வந்திருக்கும். இனி உன் வாசலில் காத்துக் கிடக்க ஒரு வண்டியும் வராது.

நாளைக்கு ஸ்டேஷனுக்குப் போகிறேன். அஞ்சாங்கிளாஸ் படித்த கிழவி சொன்னால் நம்ப மாட்டார்கள். எறிந்தது என் பாட்டி என்று நீயும் எழுதிக் கொடு. இடது கையால் எழுது, கோணலாக இருந்தாலும் பரவாயில்லை.

உன்னைத் தூக்கி வளர்த்த
பாட்டி