முன் சக்கரத்து பிரேக்

1934 மார்ச் 12, திங்கட்கிழமை, காலை ஆறு மணி நாற்பது நிமிடம். பதினோரு முறை ஓட்டி, பதினோரு முறை நிறுத்திப் பார்த்துவிட்டேன். உன் மோட்டார் சைக்கிளைத்தான். ராயபுரத்துப் பட்டறை வாசலில் எஞ்சின் ஆறாமல் நிற்கிறது. பிரேக் கட்டை தேய்ந்த கருகல் வாடை கையை விட்டுப் போகவில்லை. அதனால்தான் உனக்கு எழுதுகிறேன்.

ஒரே ரோடு, ஒரே வேகம். பின் பிரேக்கை மட்டும் பிடித்தால் நிற்க இருபத்தேழு தப்படி. இரண்டையும் பிடித்தால் பதினான்கு. நீ இதை நம்பியதே இல்லை. நானும் உனக்கு அளந்து காட்டியதே இல்லை.

கப்பல் ஏஜெண்டின் காகிதங்களோடு நீ காசிமேட்டு மணல் திருப்பத்தில் போய் மீன்கூடையில் விழுந்தாயே, அன்று அந்த மீன்காரம்மா போட்ட சத்தம் பட்டறை வரைக்கும் கேட்டது. "யோவ், ஏரோப்ளேன் ஓட்றதுன்னா வானத்துல ஓட்டு! எம் மீனு இன்னா பண்ணிச்சி உன்ன?"

சட்டையில் செதிலோடு வந்து நின்றாய். "முன் பிரேக்கக் கழட்டிடு மாமு. புடிச்சா ஆளத் தூக்கிக் கடாசுது."

"மணல்ல, வண்டி சாஞ்சி திரும்பும்போது இறுக்கிப் புடிச்சா கடாசாம கொஞ்சுமா?"

"உனக்கு இன்னா, ஸ்பானரப் புடிச்சிகினு நிக்கிற. ஓட்றவன் நானு."

எனக்குச் சுருக்கென்றது. முன் பிரேக்கின் கம்பியைக் கழற்றிப் போட்டேன். இரண்டு நிமிட வேலை. முன் பிரேக் புதிதாக வந்த வண்டியை வாங்கியவர்களில் பாதிப்பேர் அதைக் கழற்றத்தான் எங்களிடம் வருகிறார்கள். நீயும் அதில் ஒருவன் என்று விட்டுவிட்டேன். வண்டி நேராக இருக்கும்போது பிடி, மெல்லப் பிடி, மணலில் தொடாதே. இதைப் பழக்கிக் காட்ட அரை மணி ஆகியிருக்கும். எனக்கு அவசரம். என்ன அவசரம் என்று இப்போது யோசித்தால் ஒன்றும் நினைவுக்கு வரவில்லை.

மூன்று வாரம் கழித்துத் திருவொற்றியூர் ரோட்டில், தூறலில், உப்பு மூட்டை வண்டி ஒன்று குறுக்கே திரும்பியது. பின் சக்கரம் இறுகி வழுக்கிய கோடு சேற்றில் நேராக அந்த மாட்டுவண்டி வரைக்கும் போயிருந்தது. நான் அதன் ஓரமாகவே நடந்தேன். முன் பிரேக்கும் இருந்திருந்தால் சரியாக எந்த இடத்தில் நின்றிருப்பாய் என்று ஈரத்தில் சொல்ல முடியாது. ஆனால் மாட்டுவண்டிக்கு முன்னால் நின்றிருப்பாய்.

நேற்று உன் தம்பி வந்தான். உன் வேலை அவனுக்குக் கிடைத்திருக்கிறது, உன் வண்டியும் வேண்டுமாம். "முன் பிரேக்கு வாணாம்பா. அண்ணனும் அது இல்லாமத்தான ஓட்டிகினு இருந்தான். அவன் வேகந்தான் அவனத் தின்னுச்சி."

காலையில் வந்து எடுத்துக்கொள் என்று அனுப்பிவிட்டேன். ஏழு மணிக்கு வருவான்.

இனிச் செய்யப்போவது:

1. முன் பிரேக்கை மாட்டிவிட்டேன். கழற்ற மாட்டேன். முதலாளி கத்தினால் கத்தட்டும்.

2. இனி எவன் வண்டியிலும் கழற்ற மாட்டேன்.

3. உன் தம்பி அதை மெல்லப் பிடிக்கப் பழகும்வரை வண்டியைக் கொடுக்க மாட்டேன். அரை நாள் ஆனாலும் சரி.

4. இதற்கெல்லாம் முன்னால், உன்னைத் தின்றது வேகமில்லை, கம்பியைக் கழற்றியவன் நான் என்று அவனிடம் சொல்வேன். அதைக் கேட்ட பிறகு அவன் என்னிடம் கற்றுக்கொள்வானா தெரியாது. மாட்டேன் என்றால், அவன் நம்பும் ஆளைத் தேடிப் பிடித்துச் சொல்லித்தரச் சொல்வேன்.